அந்தப் பதினெட்டு இஞ்ச் விளக்கை மாட்டாதே

செல்விக்கு அப்பா எழுதுவது.

திருமுல்லைவாயிலில் இருந்து அயனம்பாக்கத்துக்கு சைக்கிள் மிதித்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது, இதற்குப் போய் ஒரு தபாலா என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் இரண்டு தரம் கிளம்பினேன். ஒரு தரம் அம்பத்தூர் வரைக்கும் வந்து டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன். இன்னொரு தரம் நீங்கள் வீடு கட்டுகிற தெருமுனை வரைக்கும் வந்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய்.  வந்த வழியே சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அதனால்தான் இன்றைக்குக் காலையில் சாப்பிட்ட கையோடு, வாசல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் பிளான் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். சமையலறைக்கு நடுவில், நாலு பக்கமும் சுற்றி வருகிற மாதிரி, ஆறடி நீளம் மூன்றடி அகலத்தில் ஒரு மேடை. ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக வீடு வீடாகப் போனபோது மாப்பிள்ளை பார்த்து ஆசைப்பட்டது. இஞ்சினியர் அதற்கு ஐலண்ட் என்று பேர் சொன்னாராம். அதற்கு மேலே தொங்கவிட எத்தனை விளக்கு, எவ்வளவு பெரிய விளக்கு, எவ்வளவு இறக்கம் என்று என்னைக் கேட்டீர்கள். அடுத்த வாரம் கூரைக்குக் கான்கிரீட் போடுகிறார்கள், அதற்குள் எங்கெங்கே பாயிண்ட் என்று சொல்லியாக வேண்டும் என்றாய். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டீர்கள். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் விளக்கு ஷேடு செய்து சோறு தின்றவன் நான். ஆனால் அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அளவு நாடா எடுக்கப் பரண்மேல் ஏறினவள், பழைய ஷேடையும் கையோடு இறக்கிவிட்டாய்.

"இது அம்மா வெளக்குப்பா. பெயின்ட் அடிச்சு நடுவுல மாட்டப் போறேன். வேற ஒண்ணும் வாணாம்" என்றாய். மாப்பிள்ளை வெளியே ஸ்கூட்டரைத் துடைக்கப் போனதும், ஷேடு விளிம்பில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "இதுக்கு அடியில உக்காந்துதாம்பா படிப்பேன். எதிர்ல அம்மா நின்னுகினு இருப்பாங்க. ஒரு நாளாவது நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கூடவே இருந்த அம்மாவையே பாக்கத் தெரியாதவளுக்குக் கொழந்த எதுக்குப்பா? அதையும் இப்பிடித்தான் பாக்காம உட்டுடுவேன்." கல்யாணமாகி நாலு வருஷமாக நீங்கள் ஏன் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அப்போதும் நான் என்ன செய்தேன்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா" என்றேன். ஷேடைப் பழைய போர்வையில் சுற்றி, கயிறு போட்டு, நானே ஸ்கூட்டரில் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது தப்பு செல்வி. அது தப்பு என்று பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். விளக்கு அளவையும் சொல்கிறேன், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது.

முதலில் நீ கேட்டதை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கான்கிரீட் போடுகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆறடி மேடைக்கு இரண்டு விளக்கு போதும். மூன்று மாட்டினால் கடை மாதிரி இருக்கும். மேடை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஷேடு அகலமாக இருக்கக் கூடாது. உன் மேடை மூன்றடி, அதனால் ஓரடிக்கு உள்ளேயே வாங்கு. பத்து இஞ்ச், பதினொன்று என்றால் உத்தமம். மேடையின் இரண்டு கோடியிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளி பாயிண்ட் வை, நடுவில் மூன்றடி தானாக வந்துவிடும். ஷேடின் கீழ் விளிம்பு மேடையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கட்டும், ஒரு இஞ்ச்கூட இறக்காதே. தகரம் வேண்டாம், பால் மாதிரி வெள்ளைக் கண்ணாடி வாங்கு. வெளிச்சம் பக்கத்திலும் போகும், மேலேயும் போகும். வாங்குவதற்கு முன்னால் அட்டைப் பெட்டியில் அதே அளவுக்கு வட்டம் வெட்டி, சணலில் கட்டித் தொங்கவிட்டுப் பார். நீ ஒரு பக்கம் நில், மாப்பிள்ளையை எதிர்ப்பக்கம் நிற்கச் சொல். அவர் முகம் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மறைக்காமல் தெரிகிறதா என்று பார். தெரியாவிட்டால் ஷேடு பெரிசு, இல்லை இறக்கம் ஜாஸ்தி. மேடையில் வெளிச்சம் விழுகிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு எந்தக் கம்பெனியும் சொல்லிக் கொடுத்ததில்லை. நாங்கள் செய்ததெல்லாம் பட்டறைக்குப் போகிற ஷேடு. வட்டத் தகரத்தை மெஷினில் சுழலவிட்டு, நீளக் கம்பியால் அழுத்தி அழுத்திக் கிண்ணமாக வளைப்போம். அப்புறம் உள்ளே வெள்ளை எனாமல், வெளியே பச்சை எனாமல். வேலை செய்கிறவன் கையில் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும், கண்ணில் கூசக் கூடாது. அதற்காக பெஞ்சுக்கு மேலே இரண்டடியில் தொங்கவிடுவார்கள். ஆள் நின்றால் கை பளிச்சென்று தெரியும், தலை ஷேடுக்கு மேலே இருட்டில் இருக்கும். பட்டறைக்கு அதுதான் சரி. அங்கே ஒருத்தன் முகத்தை இன்னொருத்தன் பார்த்து என்ன ஆகப் போகிறது?

எண்பத்து நாலில் நாம் இருந்த போர்ஷன் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரே வரிசையில் ஆறு குடித்தனம், கடைசியில் அடிபம்பு. நம் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டால்தான் உப்பு டப்பா தெரியும். கைக்குப் பக்கமாக ஒரு சின்ன விளக்கு போட்டுக் கொடு என்று உன் அம்மா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். விளிம்பு நசுங்கிப் போன ஷேடுகளை வேலை செய்கிறவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் சொன்னார்கள். பத்து இஞ்ச்சும் கிடந்தது, பதினெட்டு இஞ்ச்சும் கிடந்தது. சின்னதை எடுத்துக்கொண்டு போக எனக்குக் கேவலமாக இருந்தது. பெரிசாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, ஊரே பார்க்கிற மாதிரி கொண்டுவந்தேன்.

"இன்னாயா இது, கொட மாரி கீது? நம்ம அடுப்பங்கரயே இத்தினிதான் கீது" என்று உன் அம்மா சிரித்தாள். நான் கேட்கவில்லை. பட்டறையில் எப்படியோ அப்படியே, அடுப்பங்கரைக்குக் குறுக்கே கட்டியிருந்த மேடைக்கு மேலே இரண்டடி விட்டு மாட்டினேன். இரண்டாம் நாளே சொன்னாள். "கொஞ்சம் தூக்கிக் கட்டேன்யா. சோறு போட நின்னா உன் மூஞ்சே தெரில." எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நெதம் நூறு ஷேடு பண்றவனுக்கு நீ வெளிச்சம் கத்துக் குடுக்கிறியா?" என்றேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மேடைக்கு இந்தப் பக்கம் நானும் நீயும் முக்காலி போட்டு உட்காருவோம். அந்தப் பக்கம் அவள் நிற்பாள். வெளிச்சத்துக்குள் இரண்டு கை வரும், சோறு போடும், குழம்பு ஊற்றும், போய்விடும்.

அந்த வருஷம் அவள் உண்டாகியிருந்தாள். உனக்குப் பத்து வயது. ஏழாவது மாதத்தில் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மூன்று வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, எல்லா நாளும் ஓவர்டைம். விடியுமுன் போய்விடுவேன், விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். ஆக அந்த மூன்று வாரமும் உன் அம்மாவை நான் பார்த்ததெல்லாம் அந்த ஷேடுக்கு அடியில்தான். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள், குமட்டுகிறது என்றாள், உடம்பு அசதியாக இருக்கிறது என்றாள். பிள்ளைத்தாச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

இப்போது சொல்லப் போவதை நீ மறந்துவிட்டாய். மறந்துவிட்டாய் என்பது எனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும், தட்டை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "அப்பா, அம்மா கண்ணு மஞ்சளா கீதுப்பா. காலையில பம்பாண்ட பாத்தேன். வெள்ளையா இருக்கிற எடம் பூரா மஞ்சள்." நான் உன் அம்மாவைக் குனியச் சொன்னேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷேடுக்குக் கீழே முகத்தைக் கொண்டுவந்தாள். பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. அந்தக் குண்டு பல்புக்கு அடியில் சோறும் மஞ்சள், சுவரும் மஞ்சள், என் கையும் மஞ்சள். நான் வெளிச்சம் தெரிந்தவன் இல்லையா? சிரித்துக்கொண்டு, சவரம் பண்ணுகிற கண்ணாடியை எடுத்து விளக்குக்கு அடியில் உன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "உன் கண்ணப் பாரு. உனுக்கும் மஞ்சளாத்தான் கீது. பல்பு வெளிச்சம்டி பைத்தியம்" என்றேன். நீ கண்ணை அகலத் திறந்து பார்த்தாய். "ஆமாம்பா, எனுக்கும் மஞ்சள்" என்று நீயும் சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். "அப்பாவும் பொண்ணும் சேந்துகினு என்னிய டெஸ்ட் பண்றீங்களா?" என்றாள்.

"காலையில வெயில்லதானப்பா பாத்தேன்" என்று நீ இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னாய். அது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. "சாப்புடு, ஆறிப்போவுது" என்றேன்.

பதினொரு நாள் போயிற்று. ஒருநாள் எஸ்டேட் முழுக்க கரண்ட் போய், சாயந்திரம் வரைக்கும் வராது என்று காலை பத்து மணிக்கே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் வீடு என்ற சந்தோஷத்தில் மணியடித்துக்கொண்டே வந்தேன். அடிபம்பில் ஒரு பொம்பளை தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து "இன்னாயா, இந்நேரத்துக்கு?" என்று கேட்ட பிறகுதான் அது உன் அம்மா என்று தெரிந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணில் வெள்ளை என்று ஒரு பொட்டுகூட இல்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மூன்று வாரமாக ஒரே வீட்டில் இருந்தவளை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். சைக்கிள் அப்படியே கீழே விழுந்தது.

உன்னைப் பக்கத்துப் போர்ஷன் அம்சா அக்காவிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். நான், "இன்னிக்குத்தான் பாத்தோம்" என்றேன். "ஒரு வாரத்துக்கு மேலேயே இருக்கணுமே. வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். "யாரும் கவனிக்கலம்மா" என்றேன். அப்போது உன் அம்மா படுத்தபடி என் பக்கம் திரும்பினாள். நீ சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.  என்னை யார் முன்னாலும் விட்டுக் கொடுத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நாலாம் நாள் அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. முன்னாடியே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. மாசமாக இருக்கும்போது வருகிற காமாலை பொல்லாதது என்று அந்த டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் அந்தப் பதினொரு நாளை அவளுக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டவன் நான்.

சாவு வீட்டில் அம்சா அக்கா மாரில் அடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதாள். "மூஞ்சிக்கு மஞ்ச பூசிக்கினு கீதுன்னு நெனச்சிகினேனே பாவி! மஞ்சக் குளிச்ச மூஞ்சின்னு நெனச்சிகினேனே!" அவளுக்கு அதைச் சொல்ல வாய் இருந்தது. எனக்கு இல்லை. அப்போது சொந்தக்காரி ஒருத்தி உன் தலையைத் தடவிக்கொண்டே, "கூடவே இருந்த பொண்ணு, நீயாச்சும் பாத்திருக்கக் கூடாதாடி?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். கண்ணெல்லாம் வீங்கி, மூக்கு ஒழுகி, என்னை நேராகப் பார்த்தாய். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். 'அவ பாத்தா, எங்கிட்ட சொன்னா' என்று நாலு வார்த்தை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் நீ அதை உன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். பத்து வயசுப் பெண்ணுக்கு நடந்தது மறந்துபோயிற்று, பழி மட்டும் தங்கிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஷேடைக் கழற்றினேன். உடைத்துப் போடத்தான் கழற்றினேன். "அம்மா வெளக்கு, அம்மா வெளக்கு" என்று நீ காலைக் கட்டிக்கொண்டு கத்தியதால் பரணுக்குப் போயிற்று. அடுத்த நாளே ஒரு டியூப்லைட் வாங்கி மாட்டினேன். ஆனால் வேலைக்குப் போனால் அதே ஷேடுதான். இன்னும் பதினாலு வருஷம் அதைத்தான் செய்தேன். மெஷினில் தகரம் சுழலும்போது அதற்கு அடியில் இரண்டு கை தெரியும். கண்ணாடி வளையல், சுண்டுவிரலில் எண்ணெய் தெறித்த வடு. அதற்கு மேலே ஒன்றும் இருக்காது. உன் அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கைதான் வருகிறது. முகம் வேண்டுமானால் எழுந்துபோய்க் கல்யாணப் போட்டோவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டின பெண்டாட்டி முகத்தை நினைவில் கொண்டுவர முடியாத ஒருத்தன் எப்படித் தூங்குவான், எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்காதே. தூங்கினேன், சாப்பிட்டேன். உன்னை வளர்க்க வேண்டியிருந்தது.

நீ ஸ்கூலுக்குக் கிளம்பும்போதெல்லாம் உன்னை வாசலுக்கு இழுத்துவந்து, கண் இமையை இறக்கிப் பார்ப்பேன். "எப்பப் பாத்தாலும் இன்னாப்பா கண்ணயே பாக்கிற? பிரெண்ட்ஸ்லாம் சிரிக்கிறாங்க" என்று கையைத் தட்டிவிடுவாய். உன் கல்யாணத்தன்று மணவறையில் வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது எல்லாரும் உன் நகையைப் பார்த்தார்கள், நான் உன் கண்ணைத்தான் பார்த்தேன். ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிறவர்கள் கண்ணைக்கூட விடுவதில்லை. ஒருத்தர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். எத்தனை கண்ணைப் பார்த்தாலும் அன்றைக்குப் பார்க்காத இரண்டு கண் பார்த்ததாகிவிடாது.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம்தான், வேறு என்ன சொல்ல. தாய் இல்லாத பெண், தகப்பனையும் வெறுத்துவிட்டால் எங்கே போகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ வெறுத்துவிட்டால் நான் எங்கே போவேன் என்பதுதான் என் பயம். அந்தப் பயத்துக்கு உன் பத்து வயசிலிருந்து நீ இவ்வளவு பெரிய கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் கயிறு கட்டி அனுப்பினேன் பார், அதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

அந்த ஷேடை மாட்டாதே. அது அம்மா விளக்கு இல்லை. அவள் கேட்டது சின்ன விளக்கு. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடு, இல்லை என்னிடம் திருப்பி அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்றுக்கொள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அது உங்கள் இரண்டு பேர் விஷயம். ஆனால் வேண்டாம் என்பதற்கு நீ சொல்கிற காரணம் உன்னுடையது இல்லை, என்னுடையது. அதை என்னிடம் கொடுத்துவிடு. படித்துவிட்டு அழுதாலும் சரி, மாப்பிள்ளையிடம் காட்டினாலும் சரி, இந்தப் பக்கமே வராமல் இருந்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

இனிமேல் யாராவது கேட்டால் கவனிக்கவில்லை என்று சொல்லாதே. அந்த வீட்டில் அவளைப் பார்த்தது நீ ஒருத்திதான். வெயிலில் பார்த்தாய், சரியாகப் பார்த்தாய், வந்து சொன்னாய், ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொன்னாய். நான்தான் உன்னை நம்பவில்லை.

அப்பா